விழக் கற்றவர்

புரூஸ் லீ தொழில்முறை மல்யுத்த மேடை ஏறியிருந்தால் புகழ் பெற்றிருப்பாரா என்று வாலிபர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவரைக் குறித்து எனக்கு ஐயமுண்டு. ஜாக்கி சான் நிச்சயமாகப் பெற்றிருப்பார்.

உருவம் இதற்குத் தடையன்று. ஏறத்தாழ ஐந்தரை அடி உயரமே உள்ள ரே மிஸ்டீரியோ 2006இல் உலக ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். அம்மேடையில் வெற்றி தோல்வி முன்னரே தீர்மானிக்கப்படுகிறது. விழுவதோ மெய்யாகவே விழுவது. எதிராளியின் அடி வலிமையாகத் தோன்றும்படி விழவும், அவரைச் சேதமின்றி இறக்கவும் அறிந்தவரே அங்கு நிலைப்பார்.

வீழ்த்த முடியாதவர் என்பதே புரூஸ் லீயின் திரைப் பெருமை. ஜாக்கி சானோ சிறுவயதிலேயே ஹாங்காங்கின் சீன இசைநாடகப் பள்ளியில் குட்டிக்கரணம் பயின்றவர். 1973இல் வெளிவந்த ‘என்டர் தி டிராகன்’ படத்தில் புரூஸ் லீயிடம் அடிபட்டு வீழும் அடியாட்களுள் அவரும் ஒருவர்.

என் வாலிப நாட்களில் அப்படத்தில் அடித்தவரை மட்டுமே வியந்தேன், விழுந்தவரைக் கவனிக்கவில்லை. பிரியமானவர்களே, பிறர் உயர்ந்து நிற்கும்படி தம்மைத் தாழ்த்தி விழுகிறவரைத் தோற்றவரென்று எண்ணாதிருங்கள். ஆட்டத்தைத் தாங்குகிறவர் அவரே.