ஃபலூஜா: யார் கண்ணால் பார்க்கிறார்கள் நம் பிள்ளைகள்?

2004 நவம்பரில் அமெரிக்கப் படை ஈராக்கின் ஃபலூஜா நகருக்குள் வீடு வீடாகப் புகுந்து போரிட்டது. அங்கே வெள்ளைப் பாஸ்பரஸைப் பயன்படுத்தியதை மறு ஆண்டு பென்டகனே ஒப்புக்கொண்டது.

அந்தப் போரே 'சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா' என்ற வீடியோ கேமாகியிருக்கிறது. 2009இல் எதிர்ப்பு எழுந்ததும் கொனாமி நிறுவனம் இதைக் கைவிட்டது. 2021இல் வேறொரு நிறுவனம் மீண்டும் அறிவித்தபோது, விற்க வேண்டாமென மைக்ரோசாப்ட், சோனி, வால்வ் நிறுவனங்களை அமெரிக்க முஸ்லிம் அமைப்பான 'கேர்' கேட்டுக்கொண்டது. ஆனாலும் 2023 ஜூனில் விற்பனை தொடங்கிவிட்டது.

நான்கு பேர் குழுவாகச் சேர்ந்து, அமெரிக்க மரீன் வீரர்களாக வீடுகளுக்குள் நுழைகிறார்கள். இருட்டு, புழுதி, வெடிச்சத்தம் எல்லாம் தத்ரூபம். அதனால்தான் காட்டுவது முழு உண்மையென்றே பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

செல்போனைப் பிடுங்குவது எளிது. அதைவிட, பக்கத்தில் அமர்ந்து ஒன்றைக் கேட்போம்: "அந்த வீடு யாருடையது, கண்ணு?"