இரண்டு அப்பங்களும் ஞாயிற்றுக்கிழமை அடுப்பும்



வெள்ளிக்கிழமை மாலை கதிரவன் மறையுமுன் யூத இல்லங்களின் உணவு மேசையில் இரண்டு அப்பங்கள் வைக்கப்படுகின்றன. கோதுமை மாவைத் திரிகளாக உருட்டி, கூந்தலைப் பின்னுவது போல் பின்னி, முட்டைக் கரு பூசிப் பொன்னிறமாகச் சுட்டெடுத்த அப்பங்கள் அவை. அவற்றை 'ஹல்லா' என்று அழைப்பர். மா, முட்டை, எண்ணெய், சிறிது சீனி, ஈஸ்ட் ஆகியவையே சேர்மானம். பாலும் வெண்ணெயும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. இறைச்சியையும் பாலையும் ஒரே உணவில் கலவாதிருப்பது அவர்களுடைய சட்டம். அப்பங்களின் மேல் அழகிய துணியொன்று போர்த்தப்பட்டிருக்கும். அருகில் உப்பு இருக்கும்.

ஏன் இரண்டு? விடை விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரத்தில் உள்ளது. பாலைநிலத்தில் இஸ்ரயேலர் நாள்தோறும் அன்றன்றைக்கு வேண்டிய மன்னாவை மட்டுமே சேர்க்க வேண்டும். மறுநாளுக்கென்று பதுக்கியவர்களின் மன்னா புழுத்து நாறியது. ஆறாம் நாளில் மட்டும் இருமடங்கு கிடைத்தது. அது ஏழாம் நாளிலும் கெடவில்லை. ஏழாம் நாளில் கலயத்தோடு வெளியே சென்றவர்கள் ஒன்றையும் காணவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது நிவாரண மாவுக்காக வரிசையில் நின்றவர்களுக்கும், 2022இல் எரிவாயு இல்லாமல் போறணைகள் அணைந்து கிடந்ததைக் கண்டவர்களுக்கும் இவ்வதிகாரத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. நாளைக்கு இருக்குமா என்ற அச்சம் நமக்குப் பழகிய ஒன்று. "இன்று எவரும் உணவு தேடி வெளியே போகவேண்டாம், இறைவன் முன்பே தந்துவிட்டார்" என்று அந்த இரண்டு அப்பங்களும் மேசையில் அமர்ந்து பேசுகின்றன. மேலே போர்த்திய துணி, மன்னாவை மூடியிருந்த பனியை நினைவூட்டுவதாகச் சொல்வர். வேறொரு விளக்கமும் உண்டு: திராட்சை இரசத்துக்கே முதலில் ஆசி கூறப்படுவதால், காத்திருக்கும் அப்பம் நாணம் அடையாதபடி அதன் முகத்தை மூடுகிறார்களாம். அப்பத்தின் மனம்கூட நோகக்கூடாது என எண்ணும் மரபு அது.

பின்னலுக்கும் பொருள் கூறுவர். ஆறு திரிகள் வீதம் இரண்டு அப்பங்களில் பன்னிரண்டு திரிகள். இஸ்ரயேலின் குலங்களும் பன்னிரண்டு. லேவியர் 24ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் திருமுன் அடுக்குக்கு ஆறாக இரண்டு அடுக்குகளில் வைக்கப்பட்ட அப்பங்களும் பன்னிரண்டே. எனினும் வரலாற்றில் இப்பின்னல் பிந்தியது. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில், நடு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் அயலவரின் பின்னல் ரொட்டியைப் பார்த்து எடுத்துக்கொண்ட வடிவம் என்பர். ஏமன், ஈராக் நாட்டு யூதர்கள் தட்டையான அப்பங்களையே ஓய்வுநாளுக்கு வைத்தனர். ஆகவே நாசரேத்து இல்லத்தில் அன்னை மரியா இப்படித்தான் பின்னினார் என்று படம் வரைந்துவிட வேண்டாம். வடிவம் இரவலாக இருப்பதில் இழிவும் இல்லை. நாம் அன்றாடம் சொல்லும் 'பாண்' போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்தானே!

அப்பத்தின் பெயரோ மிகப் பழையது. எண்ணிக்கை நூலின் 15ஆம் அதிகாரத்தில், பிசைந்த மாவின் முதற்பகுதியை ஆண்டவருக்கெனப் பிரித்துக் கொடுக்குமாறு கட்டளை உண்டு. அப்பகுதிக்கே 'ஹல்லா' என்று பெயர். பின்னர் அது முழு அப்பத்துக்கும் ஆகிவந்தது. கி.பி. 70இல் எருசலேம் கோவில் அழிந்தபின் அதைக் கொண்டுசெல்ல ஆலயம் இல்லை. இன்றும் யூதப் பெண்கள் மாவைப் பிசைந்ததும் சிறு உருண்டையொன்றைக் கிள்ளி, ஆசி கூறி, அதை நெருப்பில் எரித்துவிடுகின்றனர். திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில், பிசைந்த மாவின் முதற்பகுதி தூயதானால் முழுவதும் தூயது என வாதிடுவது இவ்வழக்கத்தை மனத்தில் கொண்டே. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்த நம் பாட்டிமாருக்கு இது அந்நியமான செயலன்று. கத்தோலிக்க வீடுகளிலும் சைவ வீடுகளிலும் பிடியரிசிப் பானை இருந்தது.

யாழ்ப்பாணத்தில் யூதக் குடியிருப்பு இல்லை. நமக்கு அருகில், கடல் கடந்து கொச்சியில் அவர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் அவர்களுடைய தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு, நம் பழந்தமிழுக்கு நெருங்கிய மொழியில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. மக்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரயேலுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியிருந்தவர்களில் ஒருவரான சாரா கோகன் என்னும் மூதாட்டி, தம் வீட்டிலேயே சிறு கடை வைத்து, ஓய்வுநாள் அப்பத்தைப் போர்த்தும் துணிகளில் பூவேலை செய்து விற்றுவந்தார். 2019இல், 96ஆம் வயதில் இறந்தார். மேசையைச் சுற்றி அமர ஆட்கள் இல்லாமற்போன ஊரிலும் அப்பத்தின் போர்வையைத் தைத்துக்கொண்டிருந்த கைகள் அவை.

இவை அனைத்தையும் ஏன் விரித்துரைக்கிறேன் என்று கேட்பீர்கள். அந்த அப்பம் எப்போது சுடப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்பது விடுதலைப் பயணம் 35ஆம் அதிகாரத்தின் கட்டளை. ஆகவே பிசைதல், பின்னல், சுடுதல் யாவும் வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும். சனிக்கிழமை மதிய உணவுகூட முன்னரே ஏற்றி, மெல்லிய சூட்டில் இரவு முழுவதும் வைக்கப்பட்டிருக்கும். இதனால் அப்பத்தைச் சுட்டவளும் மற்றவர்களோடு மேசையில் அமர்கிறாள். பத்துக் கட்டளைகளில் ஓய்வுக்கு உரியவர்களாக மகன், மகள், அடிமை, கால்நடை, அந்நியர் எனப் பட்டியலிடப்படுகிறது. மனைவி தனியாகச் சொல்லப்படவில்லை. 'நீ' என்ற சொல்லுக்குள் அவளும் அடக்கம் என்பதே சரியான விளக்கம்.

இனி நம் ஞாயிற்றைப் பார்ப்போம். வீட்டுத் தாய் வைகறைத் திருப்பலிக்குத் தனியே ஓடிவருகிறாள். இறுதி ஆசீருக்கு முன்பே அவளுடைய மனம் அடுப்படிக்குப் போய்விடுகிறது. காலையில் பிட்டும் சம்பலும், அதன்பின் ஆட்டிறைச்சி வாங்கிவந்து கழுவி, தேங்காய் துருவி, அரைத்து, மதியம் ஒன்றரை மணிக்குப் பெருவிருந்து. வாரத்தின் ஆறு நாளைவிட ஏழாம் நாளில்தான் அவளுக்கு வேலை மிகுதி. பிள்ளைகள் தனியார் வகுப்புகளுக்குப் போய்விடுகின்றனர். ஞாயிறு காலை வகுப்புகளைப் பற்றி ஆலயங்களில் நாம் பலமுறை முறையிட்டிருக்கிறோம். அது நியாயமான முறையீடே. ஆனால் அடுப்படியைப் பற்றி எவரும் முறையிட்டதாக நான் கேட்டதில்லை. ஞாயிறு விருந்தைப் புகழ்ந்து உண்ட குருக்களில் நானும் ஒருவன்.

திருச்சபைச் சட்டத்தின் 1247ஆம் எண், ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்பதோடு, இறைவழிபாட்டுக்கும் அந்நாளின் மகிழ்ச்சிக்கும் உள்ளத்துக்கும் உடலுக்கும் உரிய ஓய்வுக்கும் தடையான வேலைகளைத் தவிர்க்கவேண்டும் என்கிறது. சமையலறைக்கு அது விலக்களிக்கவில்லை. பெத்தானியா மார்த்தாவைக் கண்டிக்கும் மறையுரைகளை நிறையக் கேட்டிருக்கிறீர்கள். உணவை முந்திய நாளே சமைத்து வைத்திருந்தால் மார்த்தாவும் ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருக்க முடியும் என்று எந்தக் குருவானவரும் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

நாம் ஹல்லா சுடவேண்டியதில்லை; யூதரின் வழிபாட்டு வழக்கத்தை விளையாட்டாகப் பின்பற்றுவது அவர்களுக்கும் மரியாதையன்று. நமக்கும் வழி உண்டு. சனி மாலையே கறியை ஆக்கி வைக்கலாம். மறுநாள் அதற்குச் சுவை கூடும் என்பதை நம் தாய்மார் அறிவர். காலையுணவுக்குப் பேக்கரிப் பாணும் முதல்நாள் சம்பலும் போதும். தேங்காய் துருவவும் பாத்திரம் கழுவவும் ஆண்களுக்கும் கைகள் உண்டு. ஒரு கறி குறைந்தால் ஞாயிறு குறைந்துவிடாது. வசதியுள்ளவர்கள் அந்த ஒரு கறிக்கான பணத்தைப் பிடியரிசிபோல் வேறாக எடுத்து, அயலில் அடுப்பு எரியாத வீட்டுக்குக் கொடுக்கலாம்.

வெள்ளி இரவில், அப்பத்தின் துணியை விலக்குமுன், யூதக் கணவன் நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரத்திலுள்ள நற்பண்புள்ள மனைவியின் புகழ்ப்பாடலைப் பாடுவது வழக்கம். பிள்ளைகளும் சேர்ந்து பாடுகின்றனர். அப்பொழுது அவள் அடுக்களையில் இல்லை. மேசையில், அவர்கள் எதிரில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.