ஆடி வரிசையான எண்கள்



கணினி எண்களை வரிசைப்படுத்தும் விதத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவதுதான் வழக்கம். ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் உள்ள சபியென்சியா பல்கலைக்கழகத்தார் 2011-இல் அதை ஆடியே காட்டிவிட்டார்கள்.

‘அல்கோரித்மிக்ஸ்’ என்ற அந்தக் காணொளிகளில் ஆடுகிற ஒவ்வொருவர் மேலும் ஓர் எண். பபிள் சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறைக்கு ஹங்கேரிய நாட்டுப்புற நடனம். அடுத்தடுத்து நிற்கும் இருவர் முன்னே வந்து ஆடுகிறார்கள். பெரிய எண் முதலில் இருந்தால் இடம் மாறுகிறார்கள், இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். ஒரு சுற்று முடியும்போது மிகப் பெரிய எண் கடைசிக்கு வந்திருக்கும். இன்செர்ஷன் சார்ட் என்ற இன்னொரு முறைக்கு ருமேனிய நடனம், மெர்ஜ் சார்ட் என்ற முறைக்கு அங்கே குடியேறிய ஜெர்மானிய சாக்சன்களின் நடனம். அந்த மண்ணின் பல இனங்கள் பாடத்துக்குள் வந்துவிட்டன. அதுவே ஒரு சாமர்த்தியம்!

குறை ஒன்று உண்டு. பத்துப் பேர் ஆடினால் இந்த முறைகளுக்கு இடையே உள்ள வேக வித்தியாசம் அவ்வளவாகப் பிடிபடாது: பபிள் சார்ட்டுக்கு அதிகபட்சம் 45 ஒப்பீடுகள், மெர்ஜ் சார்ட்டுக்கு 25. ஆயிரம் எண்கள் என்றால் முன்னதற்கு 4,99,500 வரை போகும்; பின்னது 9,000-ஐத் தாண்டாது. ஆயிரம் பேரை ஆடவைக்க யாரால் முடியும்?

ஆகவே கணினி ஆசிரியர்கள் மாணவர்களை ஆடவிட்ட கையோடு இந்தக் கணக்கையும் போட்டுக் காட்ட வேண்டும்.

— ஒரு வாசகர்