பச்சைச் சிலிண்டருக்குப் பதில் எது?



தொண்டைமானாற்றில் சிறியதொரு கணினிக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய அலுவலகச் சாமான்கள் ஏலத்தில் போனபோது, மேசை கதிரைகளோடு பச்சை நிறத் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்றும் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மேலே ‘பி.சி.எஃப்.’ என்று எழுத்து. “இது நல்ல சாமான், இப்ப எடுக்கேலாது, விடாதேங்கோ எண்டு சொல்லுகினம். வைச்சிருக்கலாமோ?” என்பது அவருடைய கேள்வி.

சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அது ஹேலான் 1211. நெருப்பைத் தொடர்ந்து எரிய வைக்கும் இரசாயனச் சங்கிலியையே அறுத்துவிடும். தூள் இல்லை, ஈரம் இல்லை, மின்சாரம் பாயாது. அணைத்த பிறகு துடைக்கவும் எதுவும் மிஞ்சாது. கணினி அறைகளும் தொலைபேசி நிலையங்களும் ஒரு காலத்தில் அதைத் தேடி வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

பிறகு ஏன் அது கடைகளில் இல்லை? அதிலுள்ள புரோமின் மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்கிறது. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் நிரப்பிய வாயுவைவிட மூன்று மடங்கு கேடு என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. 1985இல் அன்டார்ட்டிக்காவுக்கு மேலே ஓசோன் மெலிந்துபோவதைப் பிரித்தானிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1987 செப்டெம்பர் 16ஆம் திகதி மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கை 1989 டிசெம்பரில் அதில் இணைந்தது. எங்கள் ஊர்களில் சனம் வேறு நெருப்புகளுக்கு அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் செய்தி யார் காதில் விழுந்திருக்கும்?

பணக்கார நாடுகள் 1994 தொடக்கத்தோடும், எங்களைப் போன்ற நாடுகள் 2010 தொடக்கத்தோடும் ஹேலான் உற்பத்தியை நிறுத்தின. அதன் பலனும் தெரிகிறது. இப்படியே போனால், துருவங்களைத் தவிர்ந்த இடங்களில் 2040 அளவில் ஓசோன் படலம் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவில் விஞ்ஞானிகள் தயாரித்த அறிக்கை சொல்கிறது. விடியப் போய் மத்தியானம் கரை ஏறும் எங்கள் கடற்றொழிலாளிக்கு இது தூரத்துச் செய்தியா? கண்புரைக்கும் தோல் புற்றுநோய்க்கும் காரணமாகும் ஊதாக்கடந்த கதிர்களை மறிப்பது அந்தப் படலம்தான்.

ஆகவே அந்த வாசகருக்கு என் பதில்: வைத்திருக்க வேண்டாம். வேலை செய்கிறதா என்று அமத்திப் பார்க்கவும் வேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் அவர் வால்வைக் கழற்றிவிடுவார், உள்ளே இருப்பதெல்லாம் ஆகாயத்துக்குப் போய்விடும். சுற்றாடல் அமைச்சின் கீழ் தேசிய ஓசோன் அலகு இருக்கிறது. அவர்களிடம் கேட்டு ஒப்படைப்பதே சரி. பழைய ஹேலானைச் சுத்திகரித்து விமானங்களின் தேவைக்கு இன்றும் பயன்படுத்துகிறார்கள் என்பதால், அது குப்பைக்குரிய பொருளும் அல்ல.

சரி, அதன் இடத்தில் எதை வைப்பது?

எல்லா நெருப்புக்கும் பொருந்தும் ஒரே சாமான் எது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கடைக்காரரும் சிவப்புப் பவுடர் சிலிண்டர் ஒன்றைத் தூக்கித் தந்துவிடுகிறார். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது பல வீடுகள் அப்படித்தான் வாங்கின. வாங்கியது நல்லதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் வீட்டில், கடையில், படகில் எரியக்கூடியது என்ன?

குசினியை எடுத்துக்கொள்வோம். சாமத்திய வீட்டுக்குப் பலகாரம் சுடும் நாள். தாச்சி நிறைய எண்ணெய். வாசலில் யாரோ கூப்பிடப் போய்த் திரும்பி வர, எண்ணெய் புகைந்து பற்றிவிட்டது. கைக்கு முதலில் வருவது தண்ணீர் வாளி. அதுதான் ஆபத்து. பற்றிய எண்ணெய் 300 பாகை செல்சியசுக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் விழும் தண்ணீர் அடிக்குப் போய், அந்தக் கணமே ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகும். எரியும் எண்ணெயை அள்ளிக்கொண்டு அது முகட்டுக்குப் பாயும். பவுடர் மேல் சுவாலையை அணைத்தாலும் எண்ணெயின் சூடு ஆறாததால் மறுபடி பற்றலாம். கரியமில வாயுச் சிலிண்டரின் வேகம் எண்ணெயையே சிதறடிக்கும்.

அடுப்பை நிறுத்துங்கள். தாச்சியை மூடும் அளவுள்ள மூடியையோ தட்டையோ பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடாதீர்கள். நன்றாக ஆறும்வரை மூடியைத் திறந்தும் பார்க்காதீர்கள். நெருப்புத் தாங்கும் போர்வை ஒன்று குசினி வாசலில் தொங்கினால் இன்னும் நல்லது. காஸ் ஒழுகி எரிந்தால் வால்வைப் பூட்டுவதுதான் முதல் வேலை. வாயுவை ஒழுக விட்டுச் சுவாலையை மட்டும் அணைத்தால், தேங்கிய காஸ் பிறகு மொத்தமாக வெடிக்கும்.

செல்வச்சந்நிதி மடங்களை நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையான கவலை. அன்னதானத்துக்குப் பேர்போன கோயில். திருவிழா நாட்களில் பெரிய அடுப்புகள், விறகு, கொதிக்கும் எண்ணெய், சுற்றிவரச் சனம், கற்பூரச் சட்டி ஏந்திய பெண்கள், தற்காலிகக் கடைகள். இப்படிப்பட்ட பெரிய சமையலுக்கென்றே ‘வெட் கெமிக்கல்’ சிலிண்டர் இருக்கிறது. மஞ்சள் பட்டி போட்டிருக்கும். அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து மேலே சவர்க்காரப் படையாகிவிடும். காற்றும் போகாது, சூடும் இறங்கும். விலை கூடத்தான். ஆனால் மடத்துக்கு உபயம் செய்ய விரும்பும் வெளிநாட்டு உறவுகள் இதையும் ஒரு உபயமாக நினைக்கக் கூடாதா?

கரையில் வேறு கதை. கிடுகு வாடி, நைலோன் வலை, மண்ணெண்ணெய்க் கான்கள், படகு எஞ்சின். இங்கே பவுடர்தான் பொருத்தம். மண்ணெண்ணெய், பெற்றோல், விறகு எல்லாவற்றுக்கும் அது பேசும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று, நெருப்பின் அடியைப் பார்த்து அடியுங்கள். இரண்டு கிலோச் சிலிண்டர் பத்து வினாடி அளவே வரும், வீணாக்க முடியாது. கிடுகு மட்டும் எரிந்தால் தண்ணீரே போதும்.

கணினிக் கடைக்கு வருவோம். அங்கே பவுடர் அடித்தால் நெருப்பு அணையும், சாமான் பிழைக்காது. அந்தத் தூள் ஈரத்தை இழுத்து அமிலத் தன்மை கொண்டுவிடும். எங்கள் உப்புக் காற்றில் கேட்கவா வேண்டும்? மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கரியமில வாயுச் சிலிண்டரைப் பயன்படுத்துங்கள். கறுப்புப் பட்டி போட்டது. கொம்புக் குழாயை வெறும் கையால் பிடித்தால் குளிர் தோலைச் சுட்டுவிடும். சிறிய பூட்டிய அறையில் அடித்தால் உடனே வெளியேறுங்கள், மூச்சுக்குக் காற்றிருக்காது.

ஹேலானைப் போலவே சுத்தமானது என்று விற்கப்படும் புதிய வாயுக்களும் உண்டு. அவற்றில் எச்.எஃப்.சி. 236 எஃப்.ஏ. ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 9,800 மடங்கு. இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் எடுத்த முடிவை இலங்கையும் ஏற்றிருக்கிறது. ஒரு சின்னக் கடைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

வாங்கியதை எங்கே வைப்பது? கடற்கரை ஊரில் நிலத்தில் வைத்தால் அடித்தட்டில் கறள் பிடிக்கும். சுவரில், வாசலுக்குப் பக்கத்தில் கொழுவுங்கள். அடுப்புக்கு மேலே வேண்டாம், பற்றிய அடுப்பைத் தாண்டிக் கை நீட்டி யாரால் எடுக்க முடியும்? பவுடர் சிலிண்டரின் முள் பச்சைக்குள் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கரியமில வாயுச் சிலிண்டரில் முள் இருக்காது, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். மீள நிரப்பும் வசதி யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறதா என்பதைக் காசு கொடுக்க முன்னர் கேளுங்கள்.

இன்னொன்று. பகலில் உங்கள் வீட்டில் இருப்பவர் யார்? பல வீடுகளில் அம்மம்மா மட்டும்தான். ஆறு கிலோப் பவுடர் அடைத்த சிலிண்டர், இரும்பின் பாரமும் சேர்ந்து அவரால் தூக்க முடியாததாகிவிடும். கடையிலேயே தூக்கிப் பார்த்து, அவருக்கு ஏலக்கூடிய இரண்டு கிலோவை வாங்குங்கள். ஊசியை இழுப்பது எப்படி என்று அன்றைக்கே அவருக்குக் காட்டிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்