வைத்தியருக்கு முன் வருபவர்

எமது கல்லூரி மண்டபச் சுவரிலே வைத்தியரானோர் பெயரும் பொறியியலாளரானோர் பெயரும் பொன்னெழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அது தக்கதே. ஆயின், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில், இசட் புள்ளி சற்றே குறைந்தமையால் மருத்துவபீடம் புகவியலாத மாணவர் வாழ்வே முடிந்தாற்போல் முகம் வாடி எம்முன் நிற்கும்போது, அப்பலகையை நோக்க எமக்குக் கூச்சமுண்டாகின்றது. நோயுற்றார்க்கு உதவ வேறு வழியே இல்லையென்று அவர்க்குக் கற்பித்தவர் நாமேயன்றோ?

அவ்வழிகளுள் ஒன்றை இங்கே கூற விழைகின்றோம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் ‘சுவசெரிய’ நோயாளர் காவு வண்டியை யாவரும் அறிவர். இந்திய அரசின் நன்கொடையோடு 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய இவ்விலவச சேவை, 2018இல் வடமாகாணத்துக்கும் வந்தது. அவ்வண்டியிலே சாரதியோடு வருபவரே அவசர மருத்துவ உதவியாளர். அவர் வைத்தியருமல்லர், தாதியுமல்லர்; நோயாளி விழுந்த இடத்துக்கே செல்பவர்.

நோயாளியைத் தூக்கி ஏற்றுவதே அவர் தொழிலென்று எண்ணுவோர் பலர். அஃதன்று. வீதியிலே விபத்துற்றுக் கிடப்பவனை நாம் கையையும் காலையும் பற்றி முச்சக்கர வண்டியில் மடித்துப் போடுகின்றோம். கழுத்தென்பு முறிந்திருப்பின் நம் அன்பே அவனை முடமாக்கிவிடும். உதவியாளரோ மூச்சுவழியைப் பார்த்து, குருதிப்பெருக்கை அமுக்கி நிறுத்தி, கழுத்தை அசையாது காத்த பின்னரே எடுப்பார். மயங்கிய நீரிழிவுக்காரரின் இரத்தச் சீனியை அளப்பார். வாய் கோணிக் கை சோர்ந்தவருக்கு நோய் கண்ட நேரத்தைக் கேட்டுக் குறிப்பார். மூளைக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றினாலன்றிப் பயன் அரிது. முத்திரைப் புடையன் தீண்டிய காலைக் கீறவும் கட்டவும் முற்படும் அயலாரை விலக்கி, அக்காலை அசையாது வைப்பார்.

இவற்றினிடையே அழும் தாயோடு பேசவும் வேண்டும். அதுவும் அவள் மொழியிலே. தமிழாசிரியராதலின், 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்ததை நினைவுகூராதிருக்க எம்மால் இயலவில்லை.

இரவு பகலில்லை, தீபாவளியுமில்லை. எல்லா உயிரும் தப்புவதுமில்லை. ஒரு சாவீட்டிலிருந்து நேரே அடுத்த அழைப்புக்குச் செல்லும் மனத்திடம் வேண்டும். ஆகவே எல்லார்க்கும் உகந்த தொழிலென்று நாம் கூறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மோடு கற்பித்த நண்பரொருவர் வகுப்பறை வாயிலிலே சாய்ந்தார். பதினைந்து பேர் சூழ்ந்து நின்றோம். ஒருவர் சோடா கொணர்ந்தார், ஒருவர் விசிறினார். ஆசிரிய கலாசாலையிலே முதலுதவிப் பாடம் கேட்டுச் சான்றிதழும் பெற்ற நாம், அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சதமமீற்றருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்தவேண்டுமென்பதைப் பின்னரே கற்றோம். இருதயம் நின்றபின் நான்கைந்து நிமிடத்திலே மூளை பழுதுறத் தொடங்கும். வண்டி எத்துணை விரைந்து வரினும் அந்நிமிடங்கள் அருகிலிருப்போர் கையிலேயே உள்ளன. நண்பர் மீளவில்லை.

யூபிலி நிதியத்தால் வளைவொன்று கட்டப்போவதாகக் கேள்வியுறுகின்றோம். கட்டுக. அதனோடு பயிற்சிப் பொம்மைகள் இரண்டு வாங்கி, 11ஆம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் அவற்றிலே கைபழகிச் செல்ல வழிசெய்யுமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம். இத்தொழிலிற் புகும் எம் மாணவர் பெயரை எழுத மண்டபச் சுவரில் இன்னுமொரு பலகைக்கு இடமுண்டு. மேற்குப் பக்கத்து யன்னலருகே.