உரிமையைச் சொல்லி, முறையிடும் வழியை மறைக்கும் பாடம்: பள்ளிகளில் மனித உரிமைக் கல்வி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மனித உரிமை வகுப்புகளை நடத்திவந்த பயிற்றுநர்களை "வெளியாட்கள்" என்ற ஒரே காரணத்தைக் காட்டி, எழுத்துப்பூர்வமான ஆணை எதுவுமின்றி வாய்மொழியாகவே நிறுத்திவைக்கும் போக்கு சில இடங்களில் தொடர்வதாக உறுப்பு அமைப்புகளிடமிருந்து தகவல்கள் வந்துள்ளன. இதையடுத்து, ஆசிரியர்கள், பெற்றோர், உரிமைப் பணியாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் கொண்ட இக்கூட்டமைப்பின் செயற்குழு கூடி விவாதித்து, பின்வரும் நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. எல்லாக் கூறுகளிலும் கருத்தொற்றுமை எட்டப்பட்டதாகச் சொல்ல இயலாது; எட்டப்படாத இடங்கள் அப்படியே குறிக்கப்பட்டுள்ளன.

இந்நிலை உருவான வரலாற்றை உறுப்பினர்கள் அறிவர் என்பதால் அது இங்கு விரிக்கப்படவில்லை. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில், தன்னம்பிக்கை உரை என்ற பெயரில், உடற்குறைபாடு முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்று பொருள்படப் பேசப்பட்டதும், பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் அதே இடத்தில் அதை எதிர்த்துக் கேள்வி எழுப்பியதும், அதன்பின் பள்ளி நிகழ்ச்சிகளுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வகுக்கப்படும் என்று அரசு அறிவித்ததும் அனைவருக்கும் தெரிந்தவை. அந்த அறிவிப்பை இக்கூட்டமைப்பு கொள்கையளவில் ஆதரிக்கிறது. அன்று அங்கிருந்த மாணவியருக்குக் கிடைத்த ஒரே மனித உரிமைப் பாடம் அந்த ஆசிரியரின் எதிர்க்கேள்விதான். ஆனால் வினைப்பயன் பேசியவருக்காகச் சாத்தப்பட்ட கதவு அரசமைப்புச் சட்டத்தை விளக்க வருபவருக்கும் சாத்தப்படுமானால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிர்வாகத்துக்குத் தெரியவில்லை என்றோ, தெரிந்தும் தெரியாததுபோல் அது நடந்துகொள்கிறது என்றோதான் கொள்ள வேண்டியுள்ளது. (இவ்வாக்கியத்தின் பிற்பகுதியை நீக்க வேண்டும் என்று ஒரு தரப்பினர் வலியுறுத்தினர், பெரும்பான்மை முடிவின்படி அது தக்கவைக்கப்பட்டுள்ளது.)

மனித உரிமைக் கல்வி என்பது நன்னெறி வகுப்பின் மறுபெயர் அன்று. ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்றுக்கொண்ட மனித உரிமைக் கல்வி, பயிற்சி குறித்த பிரகடனம் அதை மூன்று கூறுகளாக விளக்குகிறது: உரிமைகள் எவை, அவற்றைக் காக்கும் அமைப்புகள் எவை என்று அறிவது, கற்பவரையும் கற்பிப்பவரையும் மதிக்கும் முறையில் கற்பது, தம் உரிமையைப் பயன்படுத்தவும் பிறர் உரிமையைக் காக்கவும் ஆற்றல் பெறுவது. இவற்றுள் முதற்கூறின் முற்பாதி மட்டுமே நம் பள்ளிகளில் நடக்கிறது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டபோது, அதன் 42-ஆவது உறுப்பின்படி, அவ்வுடன்படிக்கை கூறும் உரிமைகளைப் பெரியவர்களுக்கு மட்டுமன்றிக் குழந்தைகளுக்கும் தெரியப்படுத்தும் கடமையை இந்திய அரசு ஏற்றது. 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் மனித உரிமை எழுத்தறிவைப் பரப்புவதை ஆணையங்களின் பணிகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. ஆகவே பதின்பருவத்தினருக்கு இதைக் கற்பிப்பது யாரோ சில தொண்டு நிறுவனங்களின் ஆர்வம் அன்று, அரசின் சட்டக் கடமை. 1997-இல் மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கிய மனித உரிமைக் கல்வி முயற்சி பின்னர் பிற மாநிலங்களுக்கும் சென்றது என்பதையும், அதைத் தொடங்கிய மாநிலத்திலேயே இன்று "இவர்கள் யார், எதற்கு வந்தார்கள்" என்று கேட்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டியுள்ளது.

பாடநூலைக் குறைகூறுவது இவ்வறிக்கையின் நோக்கம் அன்று. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலின் குடிமையியல் பகுதியில் மனித உரிமைகள் என்ற பாடம் இருக்கிறது. மனச்சாய்வின்றிப் பார்த்தால் அது மோசமான பாடமும் அன்று. கேள்வித்தாளுக்கு வரும்போதுதான் அது சுருங்குகிறது. உலக மனித உரிமைப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள் எது (டிசம்பர் 10, 1948), தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்த ஆண்டு எது (1993) என்ற ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவர், தன்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றால் என்ன கேட்கலாம் என்பதை அறியாமலே பத்தாம் வகுப்புக்குப் போகிறார். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-ஆம் ஆண்டு பாடச்சுமைக் குறைப்பில் குடியுரிமை, மதச்சார்பின்மை, கூட்டாட்சி ஆகியவற்றை அவ்வாண்டுக்கு விலக்கியதும், பின்னர் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அரசியல் பாடத்திலிருந்து மக்கள் போராட்டங்கள் பற்றிய இயலையும் மக்களாட்சியின் சவால்கள் பற்றிய இயலையும் நீக்கியதும் தனி அறிக்கைக்கு உரியவை. எவை சுமையாகத் தெரிந்தன என்பது மட்டும் இங்கு குறிக்கப்படுகிறது.

செயற்குழு மிக நீண்ட நேரம் விவாதித்தது முறையிடும் வழியையும், முறையிடுபவருக்கான பாதுகாப்பையும் பற்றியே ஆகும். ஓர் உரிமையைக் கற்பித்துவிட்டு, அது மீறப்பட்டால் எங்கே, எப்படி, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதைக் கற்பிக்காமல் விடுவது, இக்கூட்டமைப்பின் கருத்தில், அந்த உரிமையைக் கற்பிக்காமலே இருப்பதைவிடத் தீங்கானது; ஏனெனில் அது மாணவரிடம் நம்பிக்கையை ஏற்படுத்தி அதைக் கைவிடுகிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதும் மனுவை எடுத்துக்கொண்டால், அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம், அஞ்சலில் அனுப்பலாம். நடந்தது என்ன, எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பணியாளரால், யார் பார்த்தார்கள் என்ற விவரங்களைத் தெளிவாக எழுதினால் போதும். ஆனால் நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அதை விசாரிக்க இயலாது என்று மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு பாடவேளையில், ஒரு தாளில், பதினான்கு வயதுப் பிள்ளை எழுதிப் பழகக்கூடிய மனு இது. ஆணையத்தின் பரிந்துரைகள் வெறும் அறிவுரை என்று கருதப்பட்டுவந்த நிலையில், அவை மாநில அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2021-இல் தீர்ப்பளித்ததையும் அதே பாடவேளையில் சொல்லிவிட முடியும்.

காவல் நிலையம் பற்றிய பாடமும் இவ்வாறே. 18 வயது நிறையாத ஒருவரை எக்காரணம் கொண்டும் காவல் நிலையச் சிறையறையில் அடைக்கக் கூடாது என்றும், அவரைச் சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவிடமோ குழந்தைகள் நல அலுவலராக அறிவிக்கப்பட்ட காவலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்வதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? 2020-ஆம் ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்ததை வகுப்பில் ஒரு மாணவர் கேட்டால், "அரசியல் வேண்டாம்" என்று ஆசிரியர் நகர்ந்துவிடும் நிலையே இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து அவ்வழக்கை எடுத்ததும், நீதித்துறை நடுவர் காவல் நிலையத்துக்கே சென்று விசாரித்ததும், அங்குப் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் தாம் கண்டதைச் சாட்சியமாகச் சொன்னதும் அரசியல் அல்ல. உரிமை எவ்வாறு காக்கப்படுகிறது என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

முறையிடுபவரைக் காப்பது குறித்து நாங்குநேரியை முன்வைத்தே பேச வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டார்கள்; வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள்; அந்த மாணவர் தமக்கு இழைக்கப்பட்ட தொல்லைகளைப் பள்ளியில் தெரிவித்த பிறகே அது நடந்தது. அதாவது, பாடம் எதைச் செய்யச் சொல்லுமோ அதையே அவர் செய்தார். வாங்கப்பட்ட புகார் யார் காதுக்கு எவ்வளவு விரைவில் போனது, புகார் தந்த பிள்ளை அன்று மாலை எந்தத் தெரு வழியாக வீடு திரும்ப வேண்டியிருந்தது என்பவற்றைப் பற்றி எந்தப் பாடநூலும் பேசுவதில்லை. அந்த நிகழ்வை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையை இக்கூட்டமைப்பு பொதுவாக வரவேற்கிறது. அதன் சில பரிந்துரைகள் குறித்து உறுப்பு அமைப்புகளிடையே மாறுபட்ட கருத்துகள் உள்ளன. சாதியை அடையாளம் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வது தேவைதான். ஆனால் வெளியே நடக்கும் விவாதம் முழுவதும் கயிற்றோடும் நெற்றிக் குறியோடும் நின்றுவிட்டது. கயிற்றை அறுத்துவிட்டு, புகார் தந்தவரின் பெயரை ஆசிரியர் அறையில் உரக்கச் சொல்லும் பள்ளியில் எதுவும் மாறப்போவதில்லை.

ஆகையால் பள்ளியில் தரப்படும் எந்தப் புகாரும், பள்ளியில் வைக்கப்படும் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியில் போடப்பட்டதாயினும், 14417, 1098 ஆகிய உதவி எண்களில் சொல்லப்பட்டதாயினும், புகார்தாரரின் பெயர் எதிர்த்தரப்புக்கும் ஊராருக்கும் போகாத முறையில் கையாளப்பட வேண்டும்; சாதி சார்ந்த புகாராக இருப்பின் அவருடைய குடும்பத்தின் பாதுகாப்பு அன்றே மதிப்பிடப்பட்டு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உரிய நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்; இந்த நடைமுறை முழுவதும் மாணவர்களுக்கே எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். இதைச் செய்ய இயலாத பள்ளி நிர்வாகம் உரிமை நாள் கொண்டாடி உறுதிமொழி வாசிக்கும் தகுதியை இழக்கிறது.

உறுப்பினர்களில் ஆசிரியர் தரப்பு எழுப்பிய அச்சமும் பதிவு செய்யப்படுகிறது. முறையிடக் கற்பிக்கப்படும் மாணவர் முதலில் முறையிடப்போவது ஆசிரியர் மீதுதான் என்பதும், பொய்ப் புகார்களால் சிலர் அலைக்கழிக்கப்படலாம் என்பதும் அவர்களின் கவலை. விசாரணைக்கு முன் தண்டனை கூடாது, ஆசிரியரும் உரிமை உடையவர் என்ற அளவில் இக்கூட்டமைப்பு அதை ஏற்கிறது. ஆனால் அடிக்கு விலக்கு கேட்கும் வாதத்தை ஏற்க இயலாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்தாலும், அச்சட்டம் குறிக்கும் குழந்தை 6 முதல் 14 வயது வரை உள்ளவரே. பதினைந்து வயது மாணவர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறார். அவருக்குத் துணையாக இருப்பது, 18 வயது வரை அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, தம் பொறுப்பில் உள்ள குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமையைக் குற்றமாக்கும் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு. பிரம்பை மேசைமேல் வைத்துக்கொண்டு மனித மாண்பு பற்றிப் பாடம் நடத்துவதும், பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ அனுப்பிவிட்டு, தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது உறுப்பைக் கரும்பலகையில் எழுதுவதும் எந்தச் சட்டப் பிரிவும் இல்லாமலே மாணவர்களுக்குப் புரிகிற முரண்கள். பிரம்பு குறித்த சொற்றொடரை மென்மையாக்க வேண்டும் என்ற திருத்தம் ஏற்கப்படவில்லை.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் குறித்து ஏற்கெனவே வெளியிடப்பட்ட நிலைப்பாடு தொடர்கிறது. இணையவழித் துன்புறுத்தல் பற்றித் துணைக்குழு பரிசீலித்துவருகிறது. இவ்வறிக்கையின் கோரிக்கைகளுக்குத் தனியார் பள்ளிகளும் மத்திய வாரியப் பள்ளிகளும் விதிவிலக்கு அல்ல.

வகுப்பை யார் எடுப்பது என்ற கேள்விக்கு, வெளிப் பயிற்றுநர்களே என்றென்றும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்று இக்கூட்டமைப்பு கோரவில்லை. பள்ளியின் சொந்த ஆசிரியர்கள் பயிற்சி பெற்று, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு ஒரு பாடவேளையில், அதைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் தராமல் நடத்துவதே உரிய வழி, பி.எட். பாடத்திட்டத்திலும் இதற்கு இடம் வேண்டும். அந்த நிலை வரும்வரை, பாடப்பொருளை முன்கூட்டியே எழுத்தில் அளித்து, வகுப்பாசிரியர் உடனிருக்க நடத்தப்படும் பயிற்சிகளை இயன்றவரை அனுமதிக்க வேண்டும் என்று அரசு கேட்டுக்கொள்ளப்படுகிறது. "இயன்றவரை" என்ற சொல் நீண்ட விவாதத்துக்குப் பின் சேர்க்கப்பட்டது. இந்தப் பாடவேளைக்குத் தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டுமா என்பதில் முடிவு எட்டப்படவில்லை.

அடுத்து நடைபெறும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில், புகார்தாரர் பாதுகாப்பு நடைமுறையை எழுதி ஒட்டுமாறு தீர்மானம் கொண்டுவர உறுப்பினர்களாகிய பெற்றோர் முயல வேண்டும். வாய்மொழியாக வகுப்பு நிறுத்தப்பட்ட ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான எழுத்துப்பூர்வ ஆணை இருப்பின் அதன் நகலைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். தரப்படாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய்க் கட்டணத்துடன், முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று உறுப்பு அமைப்புகள் அனைத்தையும் செயற்குழு கேட்டுக்கொள்கிறது. அதற்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அந்த அலுவலரின் கடமை.