மரண அறிவித்தலுக்கு மட்டும் கைவந்த கலை

யாழ்ப்பாணத்தில் சஞ்சிகையோ செய்தித்தளமோ நடத்தும் இளைஞர்கள் என்னைக் காண வரும்போது கேட்கின்ற கேள்விகள் அண்மைக்காலத்தில் இரண்டாகச் சுருங்கிவிட்டன. சந்தாதாரரை எவ்வாறு பெருக்குவது? கூகுளில் தேடுவோர் கண்ணில் நம்முடைய எழுத்து முதலிற் படுவதற்கு என்ன செய்வது? இவற்றுக்கு விடை கூறும் நிபுணர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு வகுப்பெடுக்கிறார்கள். தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி, படத்தில் ஒரு சிவப்பு வட்டம், நாளொன்றுக்கு நாற்பது செய்தி. இவையே அவ்வகுப்புகளின் சாரம் என்று அறிகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியபீடங்களில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கருத்து உண்டு. தேடினால் அகப்படும்படி எழுதுகின்ற கலை யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. நாள்தோறும் அது நம் பத்திரிகைகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் செய்திப் பக்கத்தில் அல்ல. மரண அறிவித்தல் பக்கத்தில்.

சிரிக்க வேண்டாம். ஒரு மரண அறிவித்தலை எடுத்து நிதானமாகப் பாருங்கள். பிறப்பிடம் எந்த ஊர், வசிப்பிடம் எந்த ஊர், என்ன உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், யாருடைய மகன், யாருடைய கணவர், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், மருமக்கள் யார் யார், இறந்த நாள், கிரியை நடைபெறும் நேரம், தகனம் எந்த மயானத்தில் என்று அத்தனையும் அதில் இருக்கும். ஸ்காபரோவில் இருக்கும் ஒருவர் தம் பழைய கணித ஆசிரியரின் பெயரையும் ஊரையும் தட்டினால் அந்த அறிவித்தல் உடனே வந்து நிற்கிறது. காரணம் எளிது. வாசிப்பவர் எங்கே இருக்கிறார், எப்போது வாசிப்பார், ஏற்கெனவே என்ன அறிவார் என்பவை எழுதுபவருக்குத் தெரியா. ஆகையால் தேடுகின்றவர் வாயில் வரக்கூடிய சொற்கள் எல்லாவற்றையும் அவர் ஒழுங்காக வைத்துவிடுகிறார். இதற்கு அவர் எந்த வகுப்புக்கும் போனதில்லை.

இனிப் பக்கத்தைப் புரட்டுங்கள். ‘யாழில் பயங்கரம்’, ‘சற்றுமுன் நேர்ந்த கொடூரம்’, ‘பிரபல பாடசாலையில் நடந்தது என்ன?’ என்கிறது செய்தி. எந்த ஊர் என்று இல்லை. எந்த நாள் என்றால் ‘நேற்று’. காலையில் வீட்டு வாசலில் விழுந்து மாலையில் கடலை சுற்றப் போகும் தாளில் ‘நேற்று’ என்பதற்குப் பொருள் இருந்தது. இணையத்தில் ஐந்தாண்டு கழித்து வந்து வாசிக்கிறவருக்கு எந்த நேற்று? இறந்துபோன மனிதருக்குக் காட்டுகின்ற மரியாதையில் பாதியை உயிரோடிருக்கும் ஊருக்குக் காட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்தக் குறை வெறும் நடை பற்றியதன்று. சுன்னாகத்தை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே நமக்குக் குடிநீர், நமக்கு விவசாயம். சுன்னாகத்திலும் அயலூர்களிலும் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் போராட்டமாக வெடித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு செலுத்துமாறு தனியார் மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு 2019இல் கட்டளை பிறந்தது. இன்று ஏழாலையில் காணி வாங்கிக் கிணறு வெட்ட நினைக்கிற ஒரு குடும்பம் ‘சுன்னாகம் கிணறு எண்ணெய்’ என்று தேடினால் அதன் கையில் அகப்பட வேண்டியது என்ன? எந்த ஊரில், எந்த மாதத்தில், யார் நீரைச் சோதித்தார்கள், முடிவு என்னவென்று தெளிவாகச் சொல்லும் தமிழ்க் கட்டுரை. அந்த நாட்களில் சுடச்சுட எழுதப்பட்ட செய்திகளில் ஊர்ப்பெயரும் திகதியும் இருந்தவை மட்டுமே இதற்கு உதவும். மற்றவை எழுதப்படாதவற்றுக்குச் சமம். தேடுபொறி வழியாக வருபவரை ‘போக்குவரத்து’ என்று எண்ணிக்கையில் அடக்கிப் பேசும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான்: அவர் ஏதோ ஒன்று தேவைப்பட்டு வந்தவர்.

ஆச்சரியக்குறி நிபுணர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். கூகுள் 2011இல் ‘பாண்டா’ என்ற பெயரில் செய்த மாற்றமே, உள்ளீடற்ற பக்கங்களைக் கீழே தள்ளுவதற்காகத்தான். 2022இல் வாசகருக்குப் பயன்படும் எழுத்தை முன்னிறுத்துவதாகக் கூறி மற்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. அந்நிறுவனம் சொல்வதையெல்லாம் அப்படியே செய்கிறது என்று நான் நம்பவில்லை. ஆயினும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறதல்லவா?

எழுதியது சரியாக இருந்தாலும் எழுத்துரு தவறானால் தேடுபொறி அதனைக் காணாது. இதனை நம்மவர்க்கு விளங்கவைப்பதுதான் மிகக் கடினமாக இருக்கிறது. தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் நம் அச்சகங்களில் கோலோச்சியது பாமினி எழுத்துரு. திரையில் ‘அம்மா’ என்று நாம் பார்ப்பது கணினியின் உள்ளே அம்மா அன்று. எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசை. தமிழ் உருவம் அதற்குப் போர்த்திய சட்டை மட்டுமே. தேடுபொறி சட்டையைப் பார்ப்பதில்லை. ஒருங்குறியில் எழுதினால்தான் ‘அ’ என்பது உலகெங்கும் ‘அ’வாக இருக்கும். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய நாளிலிருந்தே ஒருங்குறியில் எழுதப்பட்டது. அதனை வளர்த்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைப் பேசிய அதே காலத்தில் நம் செய்தித்தளங்கள் பல பாமினியிலேயே கிடந்தன. அவ்வாறு ஏற்றப்பட்டவற்றைத் தமிழில் தேடினால் எதுவும் வராது.

அந்த நோய் தீர்ந்தது என்று மூச்சுவிடுமுன் அடுத்தது வந்து சேர்ந்தது. இப்போது பத்திரிகைப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து முகநூலில் போட்டுவிடுகிறார்கள். படத்தைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருள் இருக்கிறது என்பது உண்மை. கோணலாகப் பிடித்த, மடிப்பு விழுந்த படத்தில் அது தடுமாறுகிறது என்பதும் உண்மை. ஆயிரம் பேர் விருப்பக்குறி இட்ட அந்தப் படம் அடுத்த வாரம் யாருக்கும் அகப்படாது.

இன்னொரு சிக்கல் நம்முடைய எழுத்துக்கூட்டல். நாம் ரொறன்ரோ என்கிறோம். தமிழ்நாட்டார் டொராண்டோ என்கிறார்கள். நமக்கு ரெலிபோன், அவர்களுக்கு டெலிபோன். தேடுவோர் தொகை அங்கே அதிகம், ஆகவே அவர்கள் வழக்கத்துக்கு மாறிவிடு என்று அறிவுரை கூறுகிறார்கள். நான் இதற்கு உடன்படேன். ஆங்கிலத்தின் ‘டி’ ஒலியை நாம் ‘ரி’ என்று எழுதுவதற்குப் பின்னால் நம் வாயின் பழக்கமும் நம் பள்ளிக்கூடங்களின் பழக்கமும் இருக்கின்றன. சில வருகைகளுக்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. கட்டுரையில் ஓரிடத்தில் மற்றவர் வழக்கையும் சேர்த்துக் குறித்துவிட்டால் இருவரும் வந்து சேர்வார்கள். மாறாக, நம் ஊர்ப் பெயர்களில் கைவைக்கவே கூடாது. சாவகச்சேரிக்காரன் சாவகச்சேரி என்றுதான் தேடுவான்.

தேடி வருபவர் விருந்தாளி. சந்தாதாரர் வீட்டுக்காரர். இவரைச் சேர்ப்பது முற்றிலும் வேறு வித்தை.

1841இல் அமெரிக்க மிஷன் ‘உதயதாரகை’யை வெளியிட்டபோது அதன் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் தமிழர். தமிழும் ஆங்கிலமும் ஒரே இதழில் இடம்பெற்றன. மதம் பரப்புவதற்கென்று வந்த பத்திரிகையைச் சைவர்களும் வாசித்தார்கள். மறுத்து எழுதுவதற்காகவேனும் வாசித்தார்கள். பின்னர் 1889இல் சைவ பரிபாலன சபையார் ‘இந்து சாதனம்’ கண்டதும் அந்த வாக்குவாதத்தின் தொடர்ச்சியே. 1930இல் குரும்பசிட்டி நா. பொன்னையா தொடங்கிச் சுன்னாகத்திலிருந்து 1958 வரை வெளிவந்த ‘ஈழகேசரி’ வேறு வழியிற் சென்றது. இளைஞர்க்கும் மாணவர்க்கும் இடம் கொடுத்து, எழுதுகிறவனையே வாசகனாக்கிக்கொண்டது. பிள்ளையின் பெயர் அச்சில் வந்த வீட்டில் சந்தா நிற்குமா?

இந்த வித்தையில் எனக்குத் தெரிந்து டொமினிக் ஜீவாவை மிஞ்சியவர் இல்லை. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது அவரிடம் மூலதனம் இல்லை, முகவர் வலையமைப்பு இல்லை. இதழ்களைத் தாமே சுமந்து வீதி வீதியாக நடந்தார். கூட்டம் நடக்கும் மண்டப வாசலில் நின்றார். காசு வாங்காமல் இலவசமாகக் கொடுப்பதை அவர் விரும்பியதில்லை; வாங்குகிறவர் விலை கொடுத்தே வாங்கவேண்டும். அட்டைப்படத்தில் ஓர் எழுத்தாளரையோ கலைஞரையோ வைத்தார். அவ்வாறு அட்டையில் வந்தவருக்கு ஓர் ஊர் இருந்தது, உறவு இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள். அந்த மாதம் அவர்களும் வாசகர்களானார்கள். ஜீவா 2021இல் மறைந்தார். இதழ் 2012 வரை, போரையும் இடப்பெயர்வையும் தாண்டி நின்றது. ஒரு சந்தாதாரரின் பெயரைச் சொன்னால் அவர் முகம் ஆசிரியருக்குத் தெரிந்திருந்த காலம் அது.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. நம் கிராமத்துச் சனசமூக நிலையத்துக்கு வந்த ஒரு பிரதியை ஊரே வாசித்தது. முதற் பக்கம் ஒருவர் கையில், நடுப்பக்கம் இன்னொருவர் கையில், இவற்றுக்காகக் காத்திருப்பவர் வாசற்படியில். கணக்கேட்டிலோ அது ஒரே சந்தா. இன்று ஒரு மின்னஞ்சல் நாற்பது பேருள்ள குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிடப்படுவதும் அதேதான். ஆகையால் சந்தாதாரர் முந்நூறு பேர்தான் என்று முகம் வாடுகிற தம்பிமாருக்கு நான் ஆறுதல் சொல்வதில்லை. அந்த முந்நூறு பேர் யார் என்று கேட்கிறேன். பலருக்கு விடை தெரிவதில்லை.

வாசகரை இன்னொருவன் காணியில் குடியிருத்தினால் என்ன ஆகும் என்பதை இலங்கையர் நன்றாகவே அனுபவித்திருக்கிறோம். 2017 ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் ஆறு நாடுகளைப் பரிசோதனைக்கென்று தெரிந்தெடுத்து, செய்தி வெளியீட்டாளரின் பதிவுகளை முதன்மை ஓடையிலிருந்து நீக்கி வேறொரு மூலைக்குத் தள்ளியது. அந்த ஆறில் இலங்கையும் ஒன்று. நம்மை யாரும் கேட்கவில்லை. 2018 மார்ச்சில் பரிசோதனையைக் கைவிட்டார்கள். அதற்கும் யாரையும் கேட்கவில்லை. அதற்கு முன்னர், 2013 ஜூலையில், கூகுள் தன் ‘ரீடர்’ சேவையை மூடியபோது அதன் வழியாக மட்டுமே வாசகரை வைத்திருந்தவர்கள் ஓரிரவில் அவர்களை இழந்தார்கள். 2024 முதல், பல நாடுகளில் தேடல் முடிவுகளின் தலைமாட்டில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை வாசித்துவிட்டு மூலக் கட்டுரைக்கு வராமலே திரும்புவோர் இருப்பார்கள். தேடுபொறி தரும் விருந்தாளிகள் குறையக்கூடிய காலத்தில், பெயரும் முகவரியும் நம் கையிலுள்ள சந்தாதாரரின் பெறுமதி கூடத்தானே செய்யும்?

அதனால் நான் சொல்லக்கூடிய செய்முறை மிகப் பழையது. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள். அந்த நாளில் தவறாமல் அனுப்பு. எழுத ஒன்றுமில்லையேல் குறைவாக எழுது, ஆனால் அனுப்பு. மறுமொழி எழுதுபவருக்குப் பதில் எழுது. சிறியதொரு தொகையாவது வாங்கு. ‘சிரித்திரன்’ வாசகர் மாதந்தோறும் சவாரித் தம்பரையும் மகுடி பதில்களையும் தேடிப் போனதுபோல, உன் பக்கத்திலும் அதே இடத்தில் அதே பொருள் காத்திருக்கட்டும்.

வெளிநாட்டு வாசகரை மட்டும் குறிவைக்கும் ஆசைக்கு இடங்கொடாதே என்றும் சொல்வேன். அங்கிருந்து வரும் வருகைக்கு விளம்பரக் காசு கூடுதலாகக் கிடைக்கிறது என்பது தெரிந்ததே. அதன் பின்னால் போனால் திருவிழாப் படமும் சாவீட்டுச் செய்தியும் மிஞ்சும். பிரதேச சபையின் கழிவகற்றல் பற்றி எழுத ஆளிராது. அப்படி எழுதாத தளத்தை உள்ளூர்க்காரன் ஏன் காசு கொடுத்து வாசிக்கவேண்டும்?

கடைசியாக, பழைய இதழ்கள். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த நாட்களிலேயே ‘ஈழநாடு’ பத்திரிகைப் பணிமனையும் எரிக்கப்பட்டது. 2005 தைப்பொங்கலில் தொடங்கிய நூலகம் திட்டத்தார் இயன்றதையெல்லாம் மின்வருடி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், இதழ்களின் பொருளடக்கத்தைத் தட்டச்சு செய்து ஒவ்வொன்றின் கீழும் இட்டமை. கட்டுரை படமாக இருந்தாலும் தலைப்பும் எழுதியவர் பெயரும் எழுத்தாக இருப்பதால் தேடுவோர் கதவுவரை வந்து சேர்கிறார்கள். நம் சிற்றேடுகள் ஒவ்வொன்றும் இதனைச் செய்துவிட முடியும். ஓர் இதழுக்கு அரைமணி நேரம் போதும்.

அச்சில் மட்டுமே இருந்த இதழ்களைவிட எனக்கு அதிகம் கவலை தருபவை பாமினியில் தட்டப்பட்டு அச்சகக் கணினிகளில் உறங்கும் ஆண்டுகள். ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தம்பிமார் யாராவது ஒரு சனிக்கிழமை பழைய அச்சகம் ஒன்றுக்குப் போய், வன்தட்டு இன்னும் இயங்குகிறதா என்று பார்த்துச் சொன்னால் நல்லது.